பணத்துக்கும் ஒரு மேட்டு வயல் வேண்டும்

கேள்வி: எனக்கு 54 வயது. நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்காரருக்கு 59. சொந்தமாக 15 மா, அதாவது ஐந்து ஏக்கர், நஞ்சை. தண்ணீர் வந்தால் குறுவை, தாளடி இரண்டு போகம். அப்பா எனக்கு எழுதி வைத்திருந்த திருவாரூர் மனையைப் போன மாதம் விற்றதில் வந்த 40 லட்சம் வங்கிச் சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன், “மொத்தத்தையும் மியூச்சுவல் ஃபண்டில் போடு, போன வருடம் ஸ்மால் கேப் என்ன ஏறியிருக்கிறது பார்” என்கிறான். வீட்டுக்காரர், பக்கத்து வயல் ஏக்கர் 18 லட்சத்துக்கு வருகிறது, வாங்கிவிடலாம் என்கிறார். கொழுந்தனார் தனக்குத் தெரிந்த ஒரு ஃபைனான்ஸில் 15 சதவீதம் தருவதாகச் சொல்கிறார். இது தவிர, ரைஸ் மில்காரர் ஒருவருக்குப் புரோநோட்டு எழுதி வாங்கி ரெண்டு வட்டிக்கு 3 லட்சம் கொடுத்து இரண்டு வருடம் பத்து மாதம் ஆகிறது. வட்டி ஆறு மாதமாக நின்றுவிட்டது. மாதம் பத்தாயிரம் சீட்டு கட்டுகிறோம். நகை 40 பவுன் இருக்கிறது. அதில் கொஞ்சம் 2.40 லட்சத்துக்குக் கூட்டுறவு வங்கியில் அடகில். மகளுக்கு இரண்டு, இரண்டரை வருடத்தில் கல்யாணம். நகை போக 10 லட்சம் வேண்டும். ஆபத்தும் இருக்கக் கூடாது, வருமானமும் குறையக் கூடாது. எப்படிப் பிரிப்பது?

பதில்:

வணக்கம் அம்மா. ஆபத்தும் இல்லாமல் வருமானமும் குறையாமல் ஒரு முதலீடு இருந்தால், இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருக்காமல் நானே அதில் போட்டுவிட்டு, மகாமகக் குளத்துப் படிக்கட்டில் காற்று வாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால், எந்த ஆபத்தை எடுப்பது, எதை விட்டுவிடுவது என்று தேர்ந்தெடுக்கும் வசதி உங்களுக்கு இப்போது வந்திருக்கிறது. நம் பக்கத்தில் பலருக்கு அது கடைசி வரை வாய்ப்பதில்லை.

எங்கள் அப்பாவுக்கு இரண்டு இடத்தில் வயல். ஒன்று ஊரை ஒட்டிய மேட்டு வயல். தண்ணீர் ஏறுவதற்குள் பாதி உயிர் போய்விடும். இன்னொன்று வடிகால் ஓரத்துப் பள்ளம். ஐப்பசியில் மழை பிடித்தால் ஒரு வாரம் பயிர் முங்கிக் கிடக்கும். பக்கத்து வயல்காரர் ஒருவர், “மேட்டை எனக்குக் கொடுத்துவிடு, பள்ளத்தை ஒட்டி எனக்கிருப்பதை நீ எடுத்துக்கொள், ஒரே கட்டாக இருக்கும், வேலை மிச்சம்” என்று பல தடவை கேட்டார். அப்பா தலையாட்டவே இல்லை. மழை கொட்டின வருடம் மேட்டில் அறுப்போம், காய்ந்த வருடம் பள்ளத்தில் அறுப்போம். இரண்டிலும் நன்றாக விளைந்த வருடம் குறைவுதான். ஆனால் இரண்டும் சேர்ந்து போன வருடம் எனக்கு நினைவில் ஒன்றே ஒன்று. நான் பிறகு படித்த முதலீட்டுப் பாடங்களில் முக்கால்வாசி அந்த இரண்டு வயலுக்குள் அடங்கிவிடும்.

இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள். நிலம், ரைஸ் மில்காரருக்குக் கொடுத்த கடன், தெரிந்தவர் நடத்தும் சீட்டு, உள்ளூர் ஃபைனான்ஸ், வாங்க நினைக்கும் பக்கத்து வயல். பெயர் ஐந்து. ஆனால் ஐந்தும் பள்ளத்தில்தான் நிற்கின்றன. மேட்டூரில் தண்ணீர் இல்லையென்றால் உங்கள் வயலில் நெல் இல்லை, மில்லுக்கு நெல் வராது, சீட்டுக் கட்டுகிற கடைக்காரருக்கு வியாபாரம் இருக்காது, ஃபைனான்ஸில் கடன் வாங்கினவர் தவணை கட்டமாட்டார். எல்லாம் ஒரே மாதத்தில் உங்கள் வாசலுக்கு வரும்.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. 2012 முதல் 2019 வரை எட்டு வருடம், வழக்கமான நாளான ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கவில்லை. 2016இல் செப்டம்பரில் திறந்தார்கள். பின்னால் வடகிழக்குப் பருவமழையும் ஏமாற்றியது. 2017 ஜனவரியில் தமிழ்நாடே வறட்சி மாநிலம் என்று அறிவிப்பு வந்தது. நடுவில் 2016 நவம்பர் 8, பழைய நோட்டு செல்லாது என்ற இரவு. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டை வாங்கக் கூடாது என்று ஒரு வாரத்துக்குள் சொல்லிவிட்டார்கள். அந்த வருடம் வட்டிக்குக் கொடுத்திருந்தவர்கள் அசலைக் கேட்கப் போய் காப்பி குடித்துவிட்டுத் திரும்பினார்கள். அதே 2017இல் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் குறியீடு சுமார் 28 சதவீதம் ஏறியது.

மறுபக்கமும் இருக்கிறது. 2020 ஜனவரியில் 42,000ஐத் தொட்ட சென்செக்ஸ், மார்ச் 23 அன்று 26,000க்குக் கீழே முடிந்தது. அந்த ஒரே நாளில் 3,900 புள்ளிக்கு மேல் இறக்கம். ஆனால் அந்த வருடம்தான், எட்டு வருடத்துக்குப் பிறகு, ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்து டெல்டாவில் குறுவை நட்டோம். சந்தைக்கும் நம் வாய்க்காலுக்கும் சொந்தபந்தம் கிடையாது. உங்களுக்கு அதில் கிடைக்கிற முதல் லாபம் இதுதான், சதவீதமெல்லாம் இரண்டாவது. பங்குச் சந்தையில் கொஞ்சம் பணம் இருக்கட்டும் என்று நான் சொல்வது, அதுதான் உங்களுக்கு மேட்டு வயல் என்பதால்.

அப்படியென்றால் மகன் சொல்வது சரிதானே, 40 லட்சத்தையும் போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். அவன் பாதி சரி. கும்பகோணத்தில் என்னிடம் வரும் ஒரு மளிகைக் கடைக்காரர், மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தை 2019இல் என்னைக் கேட்காமலே, பங்குகளில் போடும் ஈக்விட்டி ஃபண்டில் போட்டார். கல்யாணம் 2020 ஜூனில். அந்த மார்ச் 23 மதியம் இரண்டு மணிக்குப் போன் செய்தார். மூன்று மணிக்குள் விற்றால்தான் அன்றைய விலை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பொறுக்கச் சொன்னேன். “ஜூன்ல பணம் வேணும் சார், மண்டபத்துக்காரன் பொறுப்பானா?” என்றார். நான் என்ன பதில் சொல்வது? விற்றார். ஊரடங்கில் கல்யாணம் தள்ளிப்போய் அடுத்த வருடம்தான் நடந்தது. 2020 நவம்பரிலேயே சந்தை பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. அவரைத் தோற்கடித்தது சந்தையின் இறக்கம் என்று நான் சொல்லமாட்டேன். தேதி குறித்த பணத்தை, தேதிக்குக் கட்டுப்படாத இடத்தில் வைத்ததுதான்.

அவருக்காவது எட்டு மாதம். 2008 ஜனவரியில் 21,000 என்ற உச்சத்தில் போட்டவர், ஒரே வருடத்தில் பாதிக்கும் மேல் இழந்ததைப் பார்த்தார். அந்த 21,000ஐ சென்செக்ஸ் உறுதியாகத் தாண்டியது 2013இன் கடைசியில். கிட்டத்தட்ட ஆறு வருடம். நூறு ரூபாய் ஐம்பது ஆனால், மறுபடி நூறு ஆக அது இரட்டிப்பாக வேண்டும் என்பதை மகனிடம் சொல்லுங்கள். போன வருட ஏற்றத்தைப் பார்த்து, சிறு நிறுவனப் பங்குகளான ஸ்மால் கேப்பில் இறங்குவது, போன வருடம் உளுந்து நல்ல விலை போனது என்று இந்த வருடம் ஊரே உளுந்து தெளிப்பதைப் போல.

எனவே பணத்தை முதலில் இரண்டாகப் பிரியுங்கள்: தேதி உள்ளது, தேதி இல்லாதது. சதவீதம் பிறகு தானாக வரும்.

பிரிப்பதற்கு முன் ஒன்று. 40 லட்சமும் உங்களுடையது அல்ல. நகராட்சிக்குள் இருக்கும் மனை என்பதால் மூலதன ஆதாய வரி உண்டு. கிராமத்து விவசாய நிலம் விற்றால் கிடைக்கும் விலக்கு இதற்குப் பொருந்தாது. அப்பா வாங்கிய விலையை வைத்துத்தான் கணக்கு. 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கியதென்றால் அந்தத் தேதியின் மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். லாபத்தில் 12.5 சதவீதமா, விலைவாசியைச் சரிக்கட்டிய பிறகு 20 சதவீதமா, எது குறைவு என்று ஆடிட்டர் போட்டுப் பார்ப்பார். விற்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் 54இசி என்ற அரசு நிறுவனப் பத்திரத்தில் போட்டால் வரி மிச்சமாகும், ஆனால் ஐந்து வருடம் பணம் முடங்கும். அதையும் அவரிடமே கேளுங்கள். அதுவரை 5 லட்சத்தைத் தொடாதீர்கள்.

அடுத்தது நகை. கூட்டுறவு வங்கி வட்டி வருடத்துக்கு ஒன்பது சதவீதம் சொச்சம் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள், வருடா வருடம் வட்டியைக் கட்டி மாற்றி வைப்பதாகவும். அந்த 2.40 லட்சத்தைக் கட்டி நகையைத் திருப்புவது, எந்த ஆபத்தும் இல்லாமல் ஒன்பது சதவீதம் சம்பாதிப்பதற்குச் சமம். அவ்வளவு உறுதியாக ஒன்பது சதவீதம் தரும் வேறு இடம் எனக்குத் தெரியாது. நாளைக்கே போங்கள். அதற்கு மேல் புதிதாகத் தங்கம் வேண்டாம். 40 பவுன் வைத்திருப்பவருக்குத் தங்கத்தில் பங்கு போதும் போதும் என்றிருக்கிறது. தங்கம் ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். 2012 கடைசியில் வாங்கியவர்கள் 2015இல் அதைவிடக் குறைந்த விலையைப் பார்த்தார்கள். அவர்கள் மட்டும் அப்படிப் பேசுவதில்லை.

பிறகு, ஒரு போகம் போனால் தாங்குவதற்கு. ஏக்கருக்கு முப்பதாயிரத்துக்கு மேல் செலவு என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து ஏக்கர், ஒன்றரை லட்சம். வீட்டுச் செலவு மாதம் இருபதாயிரம் வைத்தால் வருடத்துக்கு 2.40 லட்சம். ஆக 4 லட்சத்தை வங்கியில் வைப்புநிதியாக வையுங்கள். ஒரே ரசீதாக வேண்டாம், லட்சம் லட்சமாக நாலு ரசீது. அவசரத்துக்கு ஒன்றை உடைத்தால் மற்ற மூன்றின் வட்டி கெடாது. இது இருந்தால்தான் உரக்கடையில் கடன் சொல்லாமலும், நெல்லை அவசரமாக வியாபாரியிடம் தள்ளாமலும், கொள்முதல் நிலையம் திறக்கும்வரை காத்திருக்க முடியும். வருமானம் என்று பார்த்தால் இது கொஞ்சமாகத்தான் தரும். ஆனால் மற்ற எல்லாவற்றையும் தப்பான நேரத்தில் விற்காமல் காப்பது இந்தப் பணம். விதைநெல் கோட்டை மாதிரி. அதைக் குத்திச் சாப்பிடக் கூடாது.

கல்யாணப் பணம் 10 லட்சம். தேதி உள்ள பணம் என்பதால் பேச்சே இல்லை: அஞ்சலகத்தின் இரண்டு வருட டைம் டெபாசிட்டிலும், அரசு வங்கி வைப்பிலும் பாதிப் பாதி. வங்கி விழுந்தால் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான் காப்பீடு. 2020 பிப்ரவரியில்தான் அதை ஒரு லட்சத்திலிருந்து உயர்த்தினார்கள். அரசு வங்கியில் இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். ஆனாலும் 40 லட்சத்தையும் ஒரே கணக்கில் கிடக்க விடுவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

இதெல்லாம் போக 18.60 லட்சம் மிஞ்சும். தேதி இல்லாத பணம் இது மட்டும்தான். ஆபத்து, வருமானம் என்ற தராசு உண்மையில் இங்கேதான் வேலை செய்கிறது.

இதில் 9 லட்சத்தை அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் போடலாம். தனிப் பெயரில் அதுதான் உச்சவரம்பு. 7.4 சதவீதம்; மாதம் 5,550 ரூபாய் ஐந்து வருடத்துக்கு மாறாமல் வரும். வீட்டுக்காரருக்கு 60 ஆனதும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு மாற்றினால் 8.2 சதவீதமாயிற்றே என்று யாராவது சொல்வார்கள். வட்டி கூடுதல்தான். ஆனால் கணக்கு அவர் பெயரில் இருக்கும், வட்டிக்கு வரி மட்டும் உங்கள் கணக்கில் சேரும். இது உங்கள் அப்பா உங்களுக்கென்று எழுதி வைத்த சொத்து. உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், வாரிசு நியமனத்தை மட்டும் மறக்காமல் நிரப்புங்கள். 0.8 சதவீதத்துக்காக நான் இதை விட்டுக்கொடுக்கச் சொல்லமாட்டேன்.

எல்லாவற்றையும் அஞ்சலகத்திலேயே போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமே? இருக்கலாம், ஐந்தாறு வருடம். விலைவாசி வருடத்துக்கு ஆறு சதவீதம் ஏறினால், இன்றைய 5,550 ரூபாய்க்கு 15 வருடம் கழித்து இன்றைய 2,300 ரூபாய்க்கான சாமான்தான் வரும். அப்போது உங்களுக்கு 69 வயது. நடவுக் கூலி நீங்கள் கல்யாணமாகி வந்த வருடம் எவ்வளவு, இப்போது எவ்வளவு? அசல் அப்படியே இருக்கும்போதே பணம் கரைவதும் ஆபத்துதான். அது சத்தம் போடாது, அவ்வளவே.

அதனால் 8 லட்சம் பங்குச் சந்தைக்கு. ஸ்மால் கேப் வேண்டாம். நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்று, இடைத்தரகர் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானில். நாட்டின் பெரிய 50 நிறுவனங்களில் உங்கள் பணம் பரவி நிற்கும்; செலவு குறைவு; எந்த மேனேஜரின் கெட்டிக்காரத்தனத்தையும் நம்ப வேண்டியதில்லை. மொத்தமாகப் போடாமல், பணத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் லிக்விட் ஃபண்டில் வைத்து மாதம் 45,000 வீதம் ஒன்றரை வருடத்தில் மாற்றுங்கள். மகனை உட்காரவைத்து இதைச் செய்யச் சொல்லுங்கள், அவனுக்கும் ஒரு பொறுப்பு கிடைத்த மாதிரி இருக்கும். ஆடிட்டர் கணக்கில் வரி குறைந்தால் மிச்சமும் இதற்கே போகட்டும். மீதி 1.60 லட்சம் கைக்காவலாக இருக்கட்டும். இருவருக்கும் மருத்துவக் காப்பீடு இல்லையென்றால் முதல் பிரீமியம் அதிலிருந்துதான்.

எட்டு லட்சம் என்று எப்படி வந்தேன்? சதவீதத்தில் இருந்து வரவில்லை. இது ஒருநாள் நாலு லட்சமாகக் கண்ணில் படும். 2008, 2020 மாதிரி ஒன்று உங்கள் ஆயுளில் இன்னொரு முறையாவது வரும். அன்றைக்குக் கல்யாணம் நிற்குமா? நிற்காது. நடவு நிற்குமா? நிற்காது. மாத வருமானம் நிற்குமா? நிற்காது. ஆக அது உங்களால் தாங்க முடிந்த ஆபத்து. அதே கேள்வியை மகன் சொல்லும் 40 லட்சத்துக்குக் கேட்டுப் பாருங்கள், மூன்றுக்கும் பதில் மாறும்.

வருடத்துக்கு ஒரு முறை, தை அறுவடை முடிந்து நெல் பணம் வந்து கணக்குப் பார்க்கும்போது, இதையும் பாருங்கள். ஃபண்ட் 13, 14 லட்சம் ஆகியிருந்தால் இரண்டு லட்சத்தை அறுத்து வைப்புநிதியில் கொட்டுங்கள். இறங்கியிருந்தால் சும்மா இருங்கள். மற்ற 364 நாளும் போனில் அதைத் திறந்து பார்க்க வேண்டாம். பயிரைத் தினம் பிடுங்கிப் பார்த்தால் வேர் பிடிக்காது.

இனி வீட்டுக்காரரின் வயல். எனக்கும் நிலம் என்றால் உயிர்தான், ஆனாலும் கணக்குச் சொல்கிறேன். குத்தகைக்கு விட்டால் ஏக்கருக்கு வருடம் 12 மூட்டை வரும் என்கிறீர்கள். 60 கிலோ மூட்டை, கிலோ 25 ரூபாய் என்றால் 18,000 ரூபாய். 18 லட்சத்துக்கு 18,000. ஒரு சதவீதம். நிலத்தின் விலை ஏறும் என்பது சரி, ஆனால் கல்யாணத்துக்கு இரண்டு மாவை மட்டும் நல்ல விலைக்கு விற்க நினைத்தால் ஆள் வருவதற்குள் மண்டபம் கைவிட்டுப் போகும். தவிர, அது இன்னொரு பள்ள வயல். நிலமும் மரமும் எங்கே போய்விடும் என்றுதான் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்து முடித்தபோது, இருபது முப்பது வருடத்துத் தோப்புகள் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. வயலின் மேல் ஆசை இருந்தால் ஆசைக்காக வாங்குங்கள், அதற்கு முதலீடு என்று பெயர் வைக்காமல்.

கொழுந்தனார் விஷயத்தில் ஒரே வரி. பொது மக்களிடம் டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதித்த நிதி நிறுவனங்களே கூட 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது. 15 என்று சொல்கிறவர் வாயைத் திறந்ததுமே விதியைத் தாண்டிவிட்டார். ஊரில் ஒரு ஃபைனான்ஸ் மூடினால் முதலில் காணாமல் போவது போர்டு, பிறகு ஓனர். உறவில் மனஸ்தாபம் வேண்டாம் என்றால், பணத்தையெல்லாம் ஐந்து வருடத்துக்கு அஞ்சலகத்தில் போட்டுவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள். முக்கால் பொய்தான், ஆனால் பாவம் இல்லை.

சீட்டு முடிகிற வரை கட்டுங்கள், அடுத்ததில் சேர வேண்டாம். சேர்ந்தே ஆக வேண்டுமென்றால் 1982ஆம் வருடச் சட்டத்தில் பதிவான சீட்டா என்று பதிவு எண்ணைக் கேட்டுச் சேருங்கள்.

கடைசியாக வைத்திருப்பது ரைஸ் மில்காரர் கடன். உங்கள் கடிதத்தில் என்னை அசைத்தது அதுதான். ரெண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். மில்லை அடமானம் வைத்தால் வங்கி அதில் பாதி வட்டிக்குக் கொடுக்கும். அவர் அங்கே போகாமல் உங்களிடம் வந்தார் என்றால், வங்கி அவரிடம் எதையோ பார்த்துவிட்டது என்று அர்த்தம். அந்த 24இல் பாதி வட்டி, பாதி உங்கள் அசலுக்கு அவர் கட்டிய ஆபத்துக் கூலி. ஆறு மாதமாக இரண்டும் வரவில்லை.

கோர்ட்டுக்குப் போவதற்குப் புரோநோட்டுக்கு எழுதின தேதியிலிருந்து மூன்று வருடம்தான் ஆயுள். உங்களுடையதில் இன்னும் இரண்டே மாதம். ஆடிட்டர், ஃபண்ட் எல்லாம் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்காரரோடு மில்லுக்குப் போய், முழு வட்டி கேட்டுச் சண்டை போடாமல், ஐயாயிரமோ ஆயிரமோ எவ்வளவு கொடுக்கிறாரோ அதை வாங்கிக்கொண்டு, நோட்டின் பின்பக்கத்தில் தேதியோடு அவர் கையாலேயே வரவு எழுதி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வாருங்கள். அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். எழுதும்போது பேனா உங்களுடையதாக இருக்கட்டும். மில்லில் பேனா கிடைக்கவில்லை என்று நாளைக்கு வரச் சொல்வார்கள்.